'எங்க பரம்பரையிலேயே ஹார்ட் பிரச்சனை': 25 எழுத்துகள் விடுபட்ட மரபணு சொல்வது என்ன?

பிரிக்ஃபீல்ட்ஸிலோ கிள்ளானிலோ எந்தக் கல்யாண வீட்டில் உட்கார்ந்தாலும் இதைக் கேட்டிருப்பீர்கள்: "எங்க பரம்பரையிலேயே ஹார்ட் பிரச்சனை இருக்கு." அது உண்மையிலேயே மரபணுவில் இருக்கிறதா?

எந்த இரண்டு மனிதர்களின் டிஎன்ஏ-வும் சுமார் 99.9 சதவீதம் ஒன்றுதான். ஆனால் அது 300 கோடி எழுத்துகள் கொண்டது. மீதி 0.1 சதவீதமே 30 லட்சம் வித்தியாசங்கள். பெரும்பாலானவற்றால் ஒரு தொல்லையும் இல்லை.

தொல்லை தரக்கூடியதாகச் சொல்லப்பட்ட ஒன்று நமக்கு நெருக்கமானது. எம்ஒய்பிபிசி3 என்ற மரபணு, இதயத் தசை சுருங்கி விரிய உதவும் ஒரு புரதத்தை உருவாக்குகிறது. தெற்காசியர்களில் சுமார் 4 சதவீதம் பேரிடம், அதாவது 25 பேரில் ஒருவரிடம், இதில் 25 எழுத்துகள் இல்லை. 2009-இல் பெருந்துறை தண்டபாணி, ஹைதராபாத் சிசிஎம்பி ஆய்வகத்தின் தங்கராஜ் உள்ளிட்டோர் இதை 'நேச்சர் ஜெனடிக்ஸ்' இதழில் வெளியிட்டார்கள். இலங்கை, பாகிஸ்தான், இந்தோனேசியாவோடு மலேசியாவிலும் இது தென்பட்டது.

ஆபத்தானது என்றால் எப்படி இத்தனை பேரிடம் பரவியது? பாதிப்பு பெரும்பாலும் நடுவயதுக்குப் பிறகுதான் தெரியும் என்றது அந்த ஆய்வு. அதற்குள் பிள்ளைகள் பிறந்துவிடும். ஒவ்வொரு பிள்ளைக்கும் இது போய்ச்சேரும் வாய்ப்பு 50 சதவீதம்.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. இந்த 25 எழுத்து இல்லாதவர்களில் ஒரு சிறு பகுதியினரிடம், அதே மரபணுவில் இன்னொரு அரிய மாற்றமும் ஒட்டிக்கொண்டு வருகிறது. நோயோடு தொடர்புடையது முக்கியமாக அதுதான் என்றது 2020-இல் வந்த ஒரு மறு ஆய்வு. அது கூட இல்லாதவர்களுக்கு ஆபத்து கூடியதாகத் தெரியவில்லை. ஆக, '25 இந்தியரில் ஒருவருக்கு ஹார்ட் அட்டாக் மரபணு' என்று வாட்ஸ்அப்பில் வந்தால் நம்பிவிடாதீங்க.

இன்னொரு குழப்பமும் உண்டு. மேலே சொன்னது இதயத் தசை நோய். மாமாவுக்கு ஸ்டென்ட் வைத்தது ரத்தக்குழாய் அடைப்புக்காக. அதில் இனிப்பு நீர், கொலஸ்ட்ரால், சிகரெட் எல்லாம் சேரும். மரபணுப் பங்கும் உண்டு, ஆனால் பல சிறு மாற்றங்களின் கூட்டாக.

அதனால் டாக்டரிடம் வெறுமனே "பரம்பரை ஹார்ட் பிரச்சனை" என்று சொல்வது போதாது. தாத்தா எந்த வயதில், எப்படி இறந்தார்? இளவயதில் யாராவது திடீரென இறந்தார்களா? பந்து விளையாடும்போது யாராவது மயங்கி விழுந்தார்களா? அப்படி இருந்தால் ஈசிஜி, எக்கோ பரிசோதனை தேவையா என்று கேளுங்கள். பதில்கள் பாட்டியிடம்தான் இருக்கும். தீபாவளிக்குப் போகும்போது கேட்டு எழுதி வச்சுக்குங்க.