எந்த மீட்டர் சொல்வது சரி?

பண்பொழியில் ரேடியோ செட் போட்டுப் பிழைத்தவன் நான். இப்போதெல்லாம் கோயில் கொடையில் புதுச் சண்டை ஒன்று வருகிறது. ஒருவர் போனில் 71 டெசிபல், பக்கத்தில் நிற்பவர் போனில் 79. “அண்ணாச்சி, எது சரி?” என்று என்னிடமே கேட்கிறார்கள். எட்டுதானே என்று விடமுடியாது. ஒலி ஆற்றலில் அது ஆறு மடங்கு. 2000-ஆம் ஆண்டு விதிப்படி ஒலிபெருக்கிச் சத்தம் பொது இடத்தின் எல்லையில் அந்தப் பகுதிக்கு வகுத்த சுற்றுப்புற வரம்பைவிட 10 டெசிபலுக்கு மேலோ, 75-க்கு மேலோ போகக் கூடாது. முதல் போனில் நான் தப்பிக்கலாம், இரண்டாவதில் மாட்டிக்கொண்டேன்.

இந்த வழக்கு நூறு வருடப் பழசு. 1926-இல் ஜெர்மனியில் பார்க்ஹௌசன் செய்த கருவியில் காதுதான் நீதிபதி. கருவியின் ஒலியை ஒரு காதில் கேட்டபடி, வெளி இரைச்சலுக்குச் சமமாகும்வரை அதைக் கூட்டிக் குறைப்பார்கள். ஆளுக்கு ஆள் கணக்கு மாறாமல் என்ன செய்யும்? 1929-இல் நியூயார்க் நகரம் இரைச்சல் ஒழிப்புக் குழு அமைத்து, கருவிகளை வண்டியில் ஏற்றித் தெருத்தெருவாக அளந்தது. மீட்டர் எப்படி இருக்க வேண்டும் என்ற முதல் அமெரிக்கத் தர வரையறை 1936-இல்தான் வந்தது.

இன்றைய நல்ல மீட்டரோடு ஒரு சின்ன உருளை வரும். 1000 ஹெர்ட்ஸில் சரியாக 94 டெசிபல் ஒலி விடும். அதை மைக்கில் மாட்டிச் சரிபார்த்த பிறகே அளப்பார்கள். போனுக்கு யார் அதைச் செய்கிறார்கள்? அதன் மைக் பேச்சுக்கென்று செய்தது. நையாண்டி மேளம் நெருங்கினால் திணறிவிடும். 2017-இல் அமெரிக்க அரசின் தொழில்நல ஆய்வு நிறுவனம் ஒரு செயலி வெளியிட்டபோதுகூட ஐபோனுக்கு மட்டும்தான் கொடுத்தது. ஆண்ட்ராய்டில் கம்பெனிக்கு ஒரு மைக். எங்கள் ஊரில் இன்னொரு தொல்லையும் உண்டு: ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய்க் காற்று. மைக்குக்குப் பஞ்சு உறை போடாவிட்டால் ஸ்பீக்கரே இல்லாத வயலிலும் மீட்டர் எகிறும்.

என் மனத்தாங்கல் வேறு. விதி கேட்பது ‘ஏ’ அளவு. காதின் இயல்பை ஒட்டி அது அடிஒலியைக் கழித்துவிடும். 63 ஹெர்ட்ஸில் மட்டும் 26 டெசிபல் போய்விடும். எனக்குச் சோறு போட்ட குழாய் ஸ்பீக்கர் குரல் எடுப்பாகக் கேட்கும் இடத்தில்தான் கத்தும். அதில் ஒன்றும் கழியாது. இன்றைய பெட்டி ஸ்பீக்கர் அடிஒலியால் ஓட்டு வீட்டுச் சன்னலையே நடுங்க வைக்கிறது. எவ்வளவு விலை உயர்ந்த மீட்டரானாலும் அந்த இடியில் பெரும்பகுதியைக் கணக்கிலேயே எடுக்காது.