வெள்ளைக்காரர் எத்தனை பேர்?

"கைப்பிடி அளவு வெள்ளைக்காரன் இந்தியாவையே ஆண்டான்" என்று பேச்சுவாக்கில் சொல்லுவோம். அந்தக் கைப்பிடி எவ்வளவு? நான் வியாபாரி. இருப்புக் கணக்கு பார்க்காமல் எதையும் நம்ப மனசு வராது.

1901-ஆம் ஆண்டு ஜனக்கணக்கின்படி இந்தியாவில் ஐரோப்பியர் சுமார் 1,70,000 பேர். மொத்த ஜனத்தொகை 29 கோடிக்கு மேல். அதாவது 1,700 பேருக்கு ஒருவர். அதிலும் சுமார் 60 ஆயிரம் பேர் பட்டாளத்துச் சிப்பாய்கள். கலெக்டர், நீதிபதி, தோட்ட முதலாளி, பாதிரி, அவர்கள் குடும்பம் எல்லாம் மீதியில் அடக்கம்.

ஆனால் இந்தக் கணக்கு எவ்வளவு சுத்தம்? கம்பெனி காலத்தில், உத்தியோகத்தில் இல்லாத வெள்ளைக்காரர் இங்கே தங்க லைசென்ஸ் வேண்டும். எனவே ஏட்டில் பெயர் இருக்கும். 1833-ஆம் ஆண்டுச் சட்டம் அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. கப்பலை விட்டிறங்கிய மாலுமி, வேலை போனவன் என்று ஊர் ஊராய்த் திரிந்தவர்கள் பெருகினார்கள். அவர்களுக்கென்றே 1869-இல் ஒரு சட்டம் போட வேண்டியதாயிற்று. இப்படிப்பட்டவர்களை எந்த ஏட்டில் தேடுவது?

பெரிய சிக்கல் இன்னொன்று. ஜனக்கணக்கில் அவரவர் சொன்னதுதான் பதிவு. 1901-இல் 'யூரேஷியர்' என்ற கலப்பினத்தார் கிட்டத்தட்ட 90 ஆயிரம் பேர். இந்தப் பெயர் 1911-இல் 'ஆங்கிலோ இந்தியர்' என்று மாறியது. ரயில்வே போன்ற இடங்களில் ஐரோப்பியருக்குச் சம்பளமும் அந்தஸ்தும் கூடுதல். ஆகவே நிறம் கொஞ்சம் வெளுப்பாக இருந்தவர் பலர் 'ஐரோப்பியர்' என்றே எழுதச் சொன்னார்கள். இந்தியக் கிறிஸ்தவர் சிலர் 'யூரேஷியர்' என்றார்கள். கணக்கெடுத்த அதிகாரிகளே தங்கள் அறிக்கைகளில் இந்தச் சந்தேகத்தை எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஆகவே 1,70,000 என்பதை எடைபோட்ட சரக்காக எண்ணாமல், உத்தேச மதிப்பாகவே கொள்ள வேண்டும். சலுகை எந்தப் பக்கமோ, பதிலும் அந்தப் பக்கம் சாயும்.

இதில் நமக்கும் ஒரு பாடம் உண்டு. வெளிமாநிலத்தில் வாழும் தமிழர் எத்தனை பேர் என்பதும் வீட்டு வாசலில் நாம் சொல்லும் பதிலைப் பொறுத்ததே. கணக்கெடுக்க வருபவர் தாய்மொழி கேட்டால், சௌகரியத்துக்காக இந்தி என்றோ, ஊர்ப் பாஷை என்றோ சொல்லிவிடாதீர்கள். பிள்ளைகள் பேசுவது எதுவானாலும், உங்கள் தாய்மொழி தமிழ் என்றால் தமிழ் என்றே எழுதச் சொல்லுங்கள். பின்னால் சரித்திரம் எழுத உட்காருபவனுக்கு அந்த ஏடுதான் மிஞ்சும்.