பால் மரம் சொல்லும் பாடம்

“வரலாறு படித்து என்ன செய்வது?” தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஒரு தந்தை இப்படிக் கேட்டார். அவருடைய மகள் வரலாற்றோடு உலக நீடித்த மேம்பாட்டையும் சேர்த்துப் படிக்க விரும்புகிறாராம். பிரிட்டனின் வார்விக் பல்கலைக்கழகம் இவ்விரண்டையும் இணைத்தே ஒரு பட்டப்படிப்பை வகுத்திருக்கிறது.

நம் மண்ணின் கதையே அவருக்குப் பதில் சொல்லும். 19-ஆம் நூற்றாண்டில் கடலடித் தந்திக் கம்பிகளுக்குள் நீர் புகாமல் காத்தது, மலாயாக் காடுகளில் வளர்ந்த கட்டா பெர்ச்சா மரத்தின் பால். 1851-இல் இங்கிலாந்தையும் பிரான்ஸையும், 1866-இல் அட்லாண்டிக்கின் இரு கரைகளையும் இணைத்த கம்பிகளுக்கு அதுவே உறை. ஆனால், பாலுக்காக மரத்தையே வெட்டிச் சாய்த்தார்கள். பல காடுகளில் அம்மரம் அருகிப்போனது.

1877-இல் 22 ரப்பர் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. மரத்தைச் சாகடிக்காமல் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையை, அங்குள்ள தாவரவியல் பூங்காவின் இயக்குநர் ஹென்றி ரிட்லி செம்மைப்படுத்தினார். மரம் பிழைத்தது, ஆண்டுக்கணக்கில் பால் தந்தது. ஆனால், ரப்பர் நடுவதற்காகக் காடுகள் அழிந்தன. விடியற்காலையில் சீவுகத்தியோடு போன நம் தாத்தா பாட்டிகளுக்கோ அந்த ஆதாயத்தில் சொற்பப் பங்கே கிடைத்தது.

மரம் பிழைத்தால் போதுமா? காடும் மனிதனும் பிழைக்க வேண்டாமா? நீடித்த மேம்பாடு கேட்பது இதைத்தான். அப்படிக் கேட்காமல் விட்டதன் விலையைக் கணக்கிட்டுச் சொல்வது வரலாறு.

அந்தத் தந்தைக்கு நான் சொன்னது இதுதான்: “மகளைப் படிக்க விடுங்கள், ஐயா. போகும்போது நம் தோட்டத்துக் கதையையும் சொல்லி அனுப்புங்கள்.”