சதுரங்கப்பட்டினத்தில் துறைமுகம் எங்கே?

மாமல்லபுரம் போனால் கடற்கரைக் கோயில், ஐந்து ரதம் பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பிவிடுகிறோம். அது துறைமுகமும்கூட. யானைகளும் நவமணியும் சுமந்த கலங்களைத் திருமங்கையாழ்வார் பாடியிருக்கிறார். ஆனால் அந்தத் துறைமுகத்தை இன்று பாட்டில்தான் பார்க்கலாம்.

கண்ணால் பார்க்கணும்னா இன்னும் தெற்கே, கல்பாக்கத்தை ஒட்டி இருக்கும் சதுரங்கப்பட்டினம் போங்க. துணி வாங்க வந்த டச்சுக்காரர்கள் வாயில் அது ‘சட்ராஸ்’. அவர்கள் கட்டிய செங்கல் கோட்டை கடலோரம் நிற்கிறது.

முதல் தடவை போனப்போ நான் படகுத்துறையைத் தேடினேன். கிடைக்கலை. அப்புறம்தான் புரிஞ்சது. இந்தக் கரையில் இயற்கைத் துறைமுகம் கிடையாது. கப்பல் தூரத்தில் நங்கூரமிடும். கயிற்றால் தைத்த மசூலா படகுகள் அலையைத் தாண்டிச் சரக்கைக் கொண்டுபோகும். அதுவரை சரக்கு காத்திருக்க ஒரு கிடங்கு வேணும். கோட்டைக்குள் நிற்கும் கிடங்குகள்தான் அந்தத் துறைமுகம்!

பக்கத்திலேயே செதுக்கிய டச்சுக் கல்லறைகள். 1781-இல் கோட்டையை ஆங்கிலேயர் பிடித்தார்கள். 1782 பிப்ரவரி 17 அன்று இந்தக் கடலில்தான் பிரெஞ்சு, ஆங்கிலக் கப்பற்படைகள் மோதின. 1824 ஒப்பந்தத்தோடு டச்சுக்காரர் கணக்கு முடிந்தது.

அடுத்த முறை மாமல்லபுரத்தோடு திரும்பிடாதீங்க.