உப்புநீர்ச் சாடியும் அசையும் விளக்கும்

நாடக வரலாறு எழுதுவோர் ஆசிரியர் பெயரைக் குறிப்பர். நடிகர் பெயரைக் குறிப்பர். திரை மறைவில் விளக்கின் அருகே நின்றவன் பெயரைக் குறிப்பவர் மிகச் சிலரே. அவன் கையில் இருந்த வேலை எவ்வாறு படிப்படியாக எண்களின் ஆட்சிக்குள் சென்றது என்பதையே இன்று கூற விழைகிறேன். இதைக் கூற எனக்கு என்ன தகுதி என்று நேயர்கள் கேட்கலாம். நீண்டகாலம் கணக்கு கற்பித்தவன் என்பது ஒன்று. ஒரு மாணவனுக்கு நான் இழைத்த தவறு மற்றொன்று.

1986ஆம் ஆண்டு. எங்கள் பள்ளி ஆண்டு விழாவில் ஒரு நாடகம். அதில் நிலவு எழும் காட்சி உண்டு. விளக்கின் ஒளியைப் படிப்படியாகக் கூட்டிக் குறைக்கும் கருவி வாங்கப் பள்ளியில் பணம் இல்லை. ஆகவே அறிவியல் ஆசிரியர் ஒரு மண்சாடியில் உப்புநீரை நிரப்பி, அடியில் ஓர் ஈயத் தகட்டை வைத்து, மேலே இன்னொன்றைக் கயிற்றில் தொங்கவிட்டார். தகடுகள் நெருங்கினால் மின்னோட்டம் மிகும், ஒளி கூடும். விலகினால் மங்கும். இன்று எண்ணினால் நெஞ்சு நடுங்குகிறது. மாணவனிடம் ஒப்படைக்கத் தக்க கருவி அன்று அது. ஆயினும் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் ஒத்திகை தோறும் கயிற்றை அழகாக இழுத்தான். விழாவன்று மட்டும் ஒளி மங்க மறுத்தது. இருளில் எழ வேண்டிய நிலவு பட்டப்பகலில் எழுந்தது, அவை நகைத்தது. “தண்ணீர் சூடாகிவிட்டது, ஐயா” என்றான் அவன். சாக்குச் சொல்லாதே என்று எல்லோர் முன்னிலையிலும் கடிந்தேன்.

இவ்வகைச் சாடி எங்கள் ஆசிரியரின் கண்டுபிடிப்பு அன்று. இங்கிலாந்தின் நாடக அரங்குகள் பலவற்றில் உப்புநீர்க் குழாய்கள் நெடுங்காலம் வழக்கில் இருந்தன. லண்டன் சவாய் அரங்கு 1881ஆம் ஆண்டு அக்டோபரில் திறக்கப்பட்டது. ஏறத்தாழ 1,200 மின்விளக்குகளை அங்கு அமைத்தனர். முழுவதும் மின்னொளி பெற்ற முதற் பொதுக் கட்டடம் என்னும் பெருமை அதற்கு உண்டு. அவ்வாண்டு டிசம்பரில் அரங்கின் உரிமையாளர் டாய்லி கார்ட், எரியும் விளக்கொன்றை மஸ்லின் துணியில் சுற்றி மேடையிலேயே உடைத்துக் காட்டினார். துணி பற்றவில்லை. வாயு விளக்கின் தீவிபத்துக்களை அறிந்திருந்த மக்கள் அதனைக் கண்டு அமைதியுற்றனர்.

ஒளி வந்துவிட்டது, அதனை ஆள்வது எப்படி? பிரெடரிக் பெந்தம் என்பவர் 1935இல் ஒரு விந்தை செய்தார். காம்ப்டன் நிறுவனத்தின் ஆர்கன் இசைக்கருவியின் முகப்பை எடுத்து, அதன் கட்டைகளால் விளக்குகளை இயக்கினார். ஒருவரே அமர்ந்து, இசைக்கலைஞர் வாசிப்பதுபோல் ஒளியை வாசிக்கலாம் என்பது அவர் கொள்கை. 1950இல் லண்டனின் புகழ்பெற்ற ட்ரூரி லேன் அரங்கிலும் அக்கருவி இடம்பெற்றது. ஆனால் வாசிப்பவர் நோயுற்றால் அன்றைய ஒளி வேறாகும். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் ஐசனோர் 1940களில் எதிர்வழியில் சென்றார். காட்சிக்குரிய அளவுகளை முன்கூட்டியே அமைத்து வைத்தால், வேளை வரும்போது அவற்றை அப்படியே அழைக்கலாம் என்றார். இன்றைய கன்சோல்கள் எல்லாம் ஐசனோரின் வழி வந்தவை என்றே சொல்லலாம். எனினும் பெந்தத்தின் கனவின்மீது எனக்கு ஒரு பற்று உண்டு.

நம் நாட்டிலும் இத்துறையில் ஒரு பேராளர் இருந்தார். கல்கத்தாவின் தபஸ் சென். உத்பல் தத்தின் ‘அங்கார்’ நாடகம் 1959ஆம் ஆண்டின் இறுதியில் மினர்வா அரங்கில் மேடையேறிற்று. நிலக்கரிச் சுரங்கத்தில் வெள்ளம் புகுந்து ஏறுவதை வெறும் ஒளியாலேயே அவர் காட்டினார். மேடையில் ஒரு துளி நீர் இல்லை.

1975இல் நியூயார்க்கின் பிராட்வேயில் ‘ஏ கோரஸ் லைன்’ என்னும் இசைநாடகத்துக்கு ஒளியமைத்த தாரன் மஸ்ஸர் அம்மையார், நினைவகம் உடைய கணினிக் கன்சோலைக் கொணர்ந்தார். பிராட்வேயில் அதுவே முதன்முறை. அளவுகளை இனிப் பொறியே நினைவில் வைத்தது. ஆனால் விளக்கு இன்னும் தன் இடத்தில் அசையாது நின்றது.

அதனை அசைத்தவர்கள் டல்லஸ் நகரத்துப் பொறியாளர்கள். நிறம் மாறும் ஒரு விளக்கைச் செய்யவே அவர்கள் முதலில் முயன்றனர். இன்னும் இரண்டு மோட்டார்களைச் சேர்த்தால் விளக்கு திரும்பவும் செய்யுமே என்ற எண்ணம் பின்னரே பிறந்தது. ‘ஜெனிசிஸ்’ இசைக்குழு பொருளுதவி செய்தது. 1981ஆம் ஆண்டு செப்டம்பரில், ஸ்பெயினின் பார்சிலோனா நகரத்துக் காளைப்போர் அரங்கொன்றில், வாரி-லைட் என்னும் அவ்விளக்குகள் அவையோர் முன் முதன்முதலாகச் சுழன்றன.

இனி என் பாடத்துக்கு வருகிறேன். நான் அச்சிறுவனைக் கடிந்த அதே 1986இல், அமெரிக்க அரங்கத் தொழில்நுட்பக் கழகம் டி.எம்.எக்ஸ். 512 என்னும் பொதுமொழியை வகுத்தது. ஒரு கம்பியில் 512 வழிகள். ஒவ்வொன்றிலும் 0 முதல் 255 வரை ஓர் எண். ஒளியின் அளவுக்கு இது போதும், அசைவுக்குப் போதாது. 540 பாகை திரும்பும் விளக்கை 255 படிகளாகப் பகுத்தால் ஒரு படி இரண்டு பாகைக்கு மேல். 20 மீட்டர் தொலைவில் ஒளிவட்டம் முக்கால் மீட்டர் தாவும். ஆகவே அசைவு ஒவ்வொன்றுக்கும் இரண்டு வழிகளை ஒதுக்கினர். படிகள் 65,536 ஆயின. தாவல் மூன்று மில்லிமீட்டர் அளவுக்குச் சுருங்கிற்று.

அசைவை வகுப்பது எவ்வாறு? சைன் வளைவாலேயே! பக்கவாட்டு அசைவுக்கு ஒரு சைன், மேல்கீழ் அசைவுக்கு 90 பாகை பிந்திய மற்றொரு சைன், ஒளி வட்டமிடும். பன்னிரண்டு விளக்குகளை வரிசையாக நிறுத்தி, ஒன்றுக்கொன்று 30 பாகை பிந்தச் செய்தால், வரிசை முழுவதும் அலையாக எழுந்து தாழும். “இந்த வளைவு எதற்கு, ஐயா?” என்று வகுப்பில் கேட்டவர்களுக்குத் தேர்வுக்கு என்றுதான் நான் விடை கூறிவந்தேன்.

இதையெல்லாம் எனக்குக் காட்டியவன் அந்தக் கயிறிழுத்த மாணவனே. இப்பொழுது சென்னையில் மேடை ஒளியமைப்பாளன், தலை நரைத்துவிட்டது. அவனைக் காணச் செல்லுமுன் சற்றுப் படித்துச் சென்றேன். உப்புநீர் சூடேறச் சூடேற மின்சாரத்தை எளிதில் கடத்தும்; ஒரு பாகை செல்சியசுக்கு ஏறத்தாழ நூற்றுக்கு இரண்டு வீதம். ஒத்திகையில் சில நிமிடங்களே எரிந்த விளக்கு, விழாவன்று இரண்டு மணி நேரம் எரிந்தது. நீர் கொதிநிலையை நெருங்கியிருக்க வேண்டும். அவன் கூறியது சாக்கு அன்று, இயற்பியல். இதை அவனிடம் கூறி, பொறுத்துக்கொள் என்றேன்.

“விடுங்கள், ஐயா” என்றான். அந்த நிலவை இந்தக் கன்சோலில் எழுப்ப இயலுமா என்று கேட்டேன். இருக்கையை எனக்காக நகர்த்திப் போட்டு, விசைகளின்மீது விரல் வைத்தான்.

“எத்தனை வினாடியில் எழ வேண்டும், ஐயா?”

என்னிடம் விடை இல்லை. அன்று அவனுக்கு நான் சொல்லியிருந்தது ‘மெல்ல’ என்ற ஒரே சொல்தான்.