மைசூர்ப் பட்டாலையில் வாரத் தொடக்கம்

கன்னட நாட்டு உழவர்களிடையே, சிறப்பாக லிங்காயத்துக் குடிகளிடையே, திங்கட்கிழமை சிவனுக்கும் நந்திக்கும் உரிய நாளாகக் கொள்ளப்பட்டு, அன்று எருதுகளை ஏரில் பூட்டாமல் விடும் வழக்கம் நெடுங்காலம் இருந்துவந்தது. கைத்தறி நெசவாளர்களுக்கு ஓய்வு வாரக் கணக்கில் அமையவில்லை. தென்னிந்திய நெசவூர்கள் பலவற்றில் அமாவாசையன்றுதான் தறி ஓய்ந்தது. ஏழு நாளுக்கு ஒருமுறை நின்று, திங்களன்று காலையில் எல்லோரும் ஒருசேரத் தொடங்கும் வேலைமுறை ஆலைகளோடு வந்தது. அதன் போக்கை அறிய மைசூர் நகரின் பட்டு நெசவாலை நல்ல சான்று.

மைசூர் அரசில் பட்டுப்புழு வளர்ப்பைத் திப்பு சுல்தான் ஊக்குவித்தார் என்பதும், 1912இல் நால்வடி கிருஷ்ணராஜ உடையார் சுவிட்சர்லாந்திலிருந்து விசைத்தறிகளைத் தருவித்து நெசவாலையை நிறுவினார் என்பதும், அரண்மனைக்கும் படையினரின் அணிச்சீருடைக்கும் துணி நெய்த அந்த ஆலை விடுதலைக்குப் பின் மாநில அரசிடம் வந்து 1980இல் கர்நாடகப் பட்டுத் தொழில் கழகத்தின் பொறுப்பில் சேர்ந்தது என்பதும் பலரும் எழுதியவை. தறியருகே நின்றவர்களின் பெயர்கள் அவ்வாறு எழுதப்படவில்லை. ஆகவே அவர்களை அறிய வேண்டுமானால் அவர்கள் செய்த வேலையைத்தான் உற்றுப் பார்க்க வேண்டும்.

மைசூர்ப் பட்டின் சிறப்பு அதன் ஊடையில், அதாவது குறுக்கே ஓடும் இழையில், இருக்கிறது. அந்த இழைக்கு மிகுதியாக முறுக்கேற்றி, வலமுறுக்கும் இடமுறுக்குமாக மாற்றி மாற்றி நெய்து, பின்னர் துணியைச் சவர்க்கார நீரில் வேகவைத்து, எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கான பட்டுப் பசையை நீக்கும்போதுதான், கையில் வழுக்கி விழும் மென்மையும் நுண்ணிய சுருக்கமும் தோன்றுகின்றன. நெய்யும்போது துணி விறைப்பாகவும் மங்கலாகவும் இருப்பதால், தன் வேலையின் அழகைத் தறியில் இருக்கும்போதே நெசவாளர் காண்பதில்லை. நின்ற தறியை மீண்டும் ஓட்டுவது இதனினும் நுட்பமானது. பாவு, அதாவது நீளவாக்கில் இழுத்துக் கட்டிய இழைத்தொகுதி, நெடுநேரம் அசையாமல் நின்றால் அதன் விறைப்பு மாறிவிடும்; அதைச் சரிசெய்யாமல் விசையைத் தட்டினால் முதல் சில ஊடைகள் நெருங்கியோ விலகியோ விழுந்து, துணியின் குறுக்கே ஒரு கோடாக நின்றுவிடும். சாயம் ஏறிய பின் அக்கோடு இன்னும் தெளிவாகத் தெரியும் என்பதால், அறுந்த இழையை முடிந்து, பாவின் இழுவையைக் கையால் தடவிப் பார்த்து, துணிச்சுருளைச் சற்றே பின்னுக்கோ முன்னுக்கோ நகர்த்திய பிறகே தறியை ஓடவிடுகிறார்கள். விடுமுறை கழிந்த காலையில் இந்தக் கவனம் இருமடங்காக வேண்டியிருக்கிறது. இதில் முழு வெற்றி என்பது துணியில் எந்த அடையாளமும் இல்லாமற்போவதே என்பதால், வாங்குபவர் கண்ணுக்கு அது ஒருநாளும் புலப்படுவதில்லை.

அந்த விடுமுறையும் எளிதில் கிடைத்ததன்று. 1881ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் மாதத்துக்கு நான்கு நாள் ஓய்வைச் சிறார்க்கு மட்டுமே அளித்தது. பம்பாயில் நாராயண் மேகாஜி லோகாண்டே ஆலைத் தொழிலாளரைத் திரட்டிப் பல ஆண்டுகள் போராடிய பின், 1890 ஜூன் 10 அன்று ஆலை முதலாளிகள் ஞாயிறு விடுமுறைக்கு இணங்கினர். அடுத்த ஆண்டுச் சட்டம் வார ஓய்வை எல்லோருக்கும் உரியதாக்கியது. மைசூர் சமஸ்தானம் பிரித்தானிய இந்தியச் சட்டங்களுக்கு நேரடியாக உட்பட்டதன்று என்றாலும், ஆலை வேலையின் ஒழுங்கு இவ்வாறே நாடெங்கும் உருப்பெற்றது. விடுதலை பெற்ற இந்தியாவின் 1948ஆம் ஆண்டுச் சட்டம் வாரத்தைச் சனி நள்ளிரவிலிருந்து எண்ணி, அதன் முதல் நாளையே ஓய்வுநாளாக வகுத்தது. அச்சட்டத்தின் கணக்கில் தொழிலாளியின் வாரம் ஓய்விலிருந்து தொடங்கியது. இது நியாயமான கணக்கு.

எனினும் அச்சட்டத்தின் காவல் ஆலை வாசலோடு நின்றுவிட்டது. 1956 வரை சென்னை மாநிலத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்த கொள்ளேகால் வட்டாரத்திலும் மைசூரைச் சுற்றிய சிற்றூர்களிலும் புழு வளர்க்கும் குடும்பங்களுக்கு வாரம் என்ற ஒன்று இல்லை. நான்கு முறை தோலுரிக்கும் பட்டுப்புழு, கடைசி உரிப்புக்குப் பின் வரும் ஒரு வாரத்தில், தன் வாழ்நாளில் தின்னும் மல்பெரி இலையில் பெரும்பகுதியைத் தின்றுவிடுகிறது. அந்த நாட்களில் வீட்டார் இரவிலும் எழுந்து இலை போட்டு, முதிர்ந்த புழுக்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, சந்திரிகை எனப்படும் மூங்கில் தட்டில் கூடுகட்ட விடுகிறார்கள். நெசவாளர் திங்களன்று முடிந்து ஓட்டும் இழை, ஞாயிற்றுக்கிழமையும் இலை பறித்த இவர்களிடமிருந்தே வருகிறது.