சொல்லக் கூடாத ஒரு சொல்: டொர்னாடோ முன்னறிவிப்பு பிறந்த கதை

வசந்த காலம் என்றதும் பூக்களும் தென்றலும்தான் நினைவுக்கு வரும். ஆனால் அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் வசந்தம் என்றால் வானத்தை அண்ணாந்து பார்க்கும் காலம்! தெற்கே மெக்சிகோ வளைகுடாவிலிருந்து ஈரமான வெப்பக்காற்று வரும். மேற்கே மலைப்பக்கத்திலிருந்து வறண்ட காற்று வரும். இரண்டும் சமவெளியில் சந்திக்கும்போது இடிமேகங்கள் மலைபோல் எழும்பும். உயரத்தில் வீசும் பலத்த காற்று அவற்றைச் சுழல வைத்தால், சில மேகங்களிலிருந்து டொர்னாடோ என்னும் சுழல்காற்று தரையிறங்கும்.

இத்தனை ஆபத்தான அந்தச் சொல்லை வானிலை அறிக்கையில் பயன்படுத்தவே ஒரு காலத்தில் தடை இருந்தது என்றால் நம்ப முடிகிறதா?

1884இல் ஜான் ஃபின்லி என்ற ராணுவ அதிகாரி டொர்னாடோவை முன்கூட்டியே கணிக்கும் முயற்சியைத் தொடங்கினார். ஆனால் 1880கள் முடிவதற்குள் அந்தச் சொல்லுக்கே தடை வந்துவிட்டது. மக்கள் பீதி அடைவார்கள், அதனால் வரும் சேதம் காற்றால் வரும் சேதத்தை விட அதிகம் என்பது மேலிடத்தின் எண்ணம். விளைவு? 1925 மார்ச் 18 அன்று மிசௌரி, இல்லினாய்ஸ், இந்தியானா ஆகிய மூன்று மாநிலங்களை ஒரே டொர்னாடோ கிழித்துச் சென்றது. 695 பேர் இறந்தார்கள். அவர்களுக்கு எந்த எச்சரிக்கையும் கிடைக்கவில்லை.

1938இல் தடை ஓரளவு தளர்ந்தது. ஆனாலும் பொதுமக்களுக்கு முன்னறிவிப்புச் சொல்லும் துணிவு யாருக்கும் வரவில்லை.

திருப்பம் 1948இல் வந்தது. மார்ச் 20 இரவு, ஓக்லஹோமா நகருக்கு அருகிலுள்ள டிங்கர் விமானப்படைத் தளத்தில் ராபர்ட் மில்லர் பணியில் இருந்தார். பலத்த காற்று வீசும் என்று மட்டுமே அன்று கணித்திருந்தார்கள். இரவு பத்து மணியளவில் டொர்னாடோ தளத்தின் நடுவே புகுந்தது. விமானங்கள் நொறுங்கின. சேதம் சுமார் 1 கோடி டாலர். விசாரணைக்கு வந்த குழு, இதை யாராலும் கணித்திருக்க முடியாது என்று சொல்லிவிட்டுப் போனது.

மில்லரும் அவருடைய மேலதிகாரி எர்னஸ்ட் ஃபாபுஷும் அதோடு விட்டுவிடவில்லை. பழைய டொர்னாடோ நாட்களின் வானிலை வரைபடங்களை எடுத்து, அவற்றில் எது பொதுவாக இருக்கிறது என்று தேடினார்கள். ஐந்தே நாட்களில், மார்ச் 25 காலை, அதே அமைப்பு மீண்டும் வரைபடத்தில் தெரிந்தது! ஒரே இடத்தை ஒரே வாரத்தில் இரண்டு முறை டொர்னாடோ தாக்குவது மிக மிக அரிது. கணிப்பு தவறினால் ஊரே சிரிக்கும். சொல்லாமல் விட்டு, அது வந்துவிட்டால்?

தளபதி ஃப்ரெட் போரம் கேட்டபோது, பிற்பகல் மூன்று மணியளவில் எழுத்து மூலமாகவே எச்சரிக்கை கொடுத்தார்கள். விமானங்கள் கொட்டகைக்குள் போயின. ஆட்கள் பாதுகாப்பான இடங்களுக்கு மாறினார்கள். மாலை ஆறு மணிக்குப் பிறகு டொர்னாடோ வந்தே விட்டது. பல லட்சம் டாலர் சேதம்தான். ஆனால் ஒருவருக்கும் காயமில்லை.

1950இல் வானிலைத் துறைத் தலைவர் ரைக்கல்டர்ஃபர், டொர்னாடோவை முன்னறிவிக்கத் தடை ஏதுமில்லை என்று தன் அலுவலகங்களுக்கு எழுதினார். 1952 மார்ச்சில் பொதுமக்களுக்கான முன்னறிவிப்பு தொடங்கியது. இன்று அந்தப் பணியைச் செய்யும் புயல் கணிப்பு மையம் இருப்பது டிங்கர் தளத்துக்குப் பக்கத்திலேயே உள்ள நார்மன் நகரில்.

மக்கள் பயந்துவிடுவார்கள் என்று அறுபது ஆண்டுகள் உண்மையை மூடி வைத்தார்கள். உண்மையைச் சொன்ன நாளில் டிங்கர் தளத்தில் யாரும் பீதியடைந்து ஓடவில்லை. செய்ய வேண்டியதைச் செய்துவிட்டுக் காத்திருந்தார்கள், அவ்வளவுதான்.